சின்னக் கல்லூரியில் நிகழ்ச்சிகளுக்குப் போவதும் ஒன்றை நடத்துவதும்

அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (ஒரே துறையோடு நிற்காமல் கலை, அறிவியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் கல்லூரி), மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அறைப் பதிவு, பட்ஜெட் படிவம், ஒலிபெருக்கி அனுமதி, மடக்கு நாற்காலி என்று என் நாள் போகும். ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் புதுப் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு சின்ன இடத்தில் பொழுது எப்படிப் போகும்?" நின்றபடி இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலும் 1,000 முதல் 2,500 மாணவர்கள்தான் படிக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே தங்குகிறார்கள். காலையில் வேதியியல் ஆய்வகத்தில் பக்கத்தில் நின்றவரே இரவு நாடகத்தில் அரசராக வருவார். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரிக்கு நீங்கள் போகாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இங்கே முப்பது பேர் உட்காரும் அறையில் பத்து இடம் காலியாக இருந்தால், மேடையில் நிற்பவருக்கு அது நன்றாகவே தெரியும். வருகிறவர்களை நம்பித்தான் இங்கே எல்லாமே நடக்கிறது. கை கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்த இடம் சீக்கிரம் சொந்தமாகிவிடுகிறது. வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு அதற்கு நாளாகிறது. இத்தனை வருடம் பார்த்ததில் இதை உறுதியாகச் சொல்வேன்.

முதல் மாதத்திலிருந்து தொடங்குவோம். வகுப்புகள் ஆரம்பித்த சில நாட்களிலேயே புல்வெளியில் வரிசையாக மேசைகளைப் போட்டு எல்லா மாணவர் மன்றங்களும் ஆள் சேர்ப்பார்கள். போகிற மேசையிலெல்லாம் பெயர் எழுதிவிட்டு வந்தால், அடுத்த வாரம் மின்னஞ்சல் பெட்டி நிரம்பும், நீங்கள் எதற்கும் போகமாட்டீர்கள். மூன்று போதும். ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே பிடித்தது. ஒன்று இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காதது. மூன்றாவது, கையால் வேலை செய்ய வேண்டிய ஏதாவது: நாடகத்தின் மேடைக்குப் பின்னால், வானொலி நிலையம், சைக்கிள் பழுதுபார்க்கும் அறை. புதிதாக வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நிற்பவர்களை நான் எப்போதும் நாடகத்தின் மேடை வேலைக்குத்தான் அனுப்புவேன். பலகைக்கு வண்ணம் அடிக்கும்போது பேச்சு தானாக வந்துவிடும், நீங்களாக எதையும் ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அப்புறம் நாட்காட்டி. வாரத்தில் ஒரு மாலையை மட்டும் நிகழ்ச்சிக்கென்று ஒதுக்குங்கள். புகழ்பெற்ற பேச்சாளர் வருகிற நாளுக்குக் கூட்டம் தானாக வந்துவிடும். நான் போகச் சொல்வது இசை படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் தனியாக மேடையேறும் கச்சேரிக்கு. ஒரு பிள்ளை நான்கு வருடம் பயிற்சி செய்ததை ஒரே மணி நேரத்தில் வாசித்துக் காட்டும் நாள் அது. அறைத் தோழரும் ஆசிரியரும் இருப்பார்கள், தூரத்திலிருந்து வந்த பெற்றோர் முன்வரிசையில் இருப்பார்கள். நீங்களும் போய் உட்காருங்கள், முடிந்ததும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள். அதே பிள்ளை அடுத்த மாதம் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுரைகள், மாணவர் ஓவியக் கண்காட்சியின் திறப்பு மாலை, சுமாராக ஆடும் அணியின் போட்டி எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிப் பழக்கங்கள் உண்டு. கையேட்டில் ஒரு வரி இருக்கும், மீதியை மூத்த மாணவர்கள்தான் சொல்வார்கள். மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக்கில் 1838 முதல் மலை நாள் என்று ஒன்று இருக்கிறது. இலையுதிர்காலத்தில் ஒரு நாள் காலை மணி அடிக்கும், அன்றைக்கு வகுப்பு கிடையாது, எல்லோரும் மலையேறப் போவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். ஸ்மித் கல்லூரியிலும் 1877 முதல் இது உண்டு. வில்லியம்ஸில் அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் வரும். இப்படிப்பட்ட கல்லூரிக்குப் போகிறீர்கள் என்றால் மழைச்சட்டையையும் நல்ல காலணியையும் செப்டம்பரிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மணி அடித்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். எழுந்து போங்கள். அன்றைக்கு உடன் நடந்தவர்கள் நான்கு வருடமும் கூட வருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்னசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியில் இருக்கும் ஒரு சாதாரண வீடு. டேசி மோசஸ் என்ற அம்மையார் தன் வீட்டுக் கதவை மாணவர்களுக்குத் திறந்தே வைத்திருந்தார். 1981-ல் அவர் இறந்தபோது வீடு கல்லூரிக்கு வந்தது. இன்றும் மாணவர்கள் அங்கே போய் அடுப்பைப் பற்றவைத்து பிஸ்கட் சுட்டுக்கொள்ளலாம். மாவும் சர்க்கரையும் அங்கேயே இருக்கும். சுட்டதை அடுத்து வருபவருக்கும் வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஓஹையோவின் ஓபர்லினில் 1940 முதல் கலைக்கூடத்தின் அசல் ஓவியங்களை மாணவர்கள் வாடகைக்கு எடுத்து விடுதி அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். நெடுங்காலமாக வாடகை வெறும் 5 டாலராகத்தான் இருந்தது. நல்ல ஓவியம் கிடைக்க முந்தின இரவே வாசலில் படுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஓவியத்தைவிட அந்த வரிசைதான் பெரிய நிகழ்ச்சி என்பேன்.

சலிப்பாகத் தோன்றும் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் ஹேவர்ஃபோர்ட் மாணவர்கள் தங்கள் நடத்தை விதிகளைத் தாங்களே கூடி ஏற்றுக்கொள்கிறார்கள். தேவையான எண்ணிக்கையில் ஆள் வராவிட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. பல கல்லூரிகளில் மாணவர் செயல்பாட்டுக் கட்டணத்தைப் பங்கிடுவதும் மாணவர் குழுதான். உங்கள் வீட்டிலிருந்து கட்டிய பணம் அது. எங்கே போகிறது என்று ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

சரி, சொந்தமாக ஒரு நிகழ்ச்சி நடத்துவது எப்படி? திரைப்படம் காட்டுவதை எடுத்துக்கொள்வோம். எளிது என்று நினைத்து அதிகம் பேர் தொடங்குவதும், பாதியில் என்னிடம் ஓடி வருவதும் அதில்தான்.

முதலில் உரிமை. உங்கள் சந்தாவில் பார்க்கிற படத்தைப் பொது அறையில் போட்டுக் காட்ட முடியாது. குறுந்தகடு சொந்தமாக இருந்தாலும் அப்படித்தான். பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். பட்ஜெட்டில் பெரிய தொகை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் நூலகரைப் போய்ப் பாருங்கள். சில படங்களுக்குத் திரையிடும் உரிமையோடு சேர்த்தே நூலகம் வாங்கி வைத்திருக்கும். இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ மன்றங்களின் ஒரு பருவப் பணம் மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது தேதி. வளாக நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். அதே மாலை பாடகர் குழுவின் கச்சேரி இருந்தால் இருவருக்கும் பாதி அறைதான் நிரம்பும். பருவ இறுதித் தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். கொலராடோ கல்லூரி மாதிரி மூன்றரை வாரத்துக்கு ஒரே பாடம் என்று நடத்துகிற இடமானால், பாடம் முடிகிற கடைசி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் கேட்கும் படிவத்தில் எவ்வளவு, எதற்கு, எத்தனை பேர் வருவார்கள் என்று எழுதுங்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீர்கள். 25 பேர் வருவார்கள் என்று எழுதி 25 பேர் வந்தால் அடுத்த முறை குழு உங்களை நம்பும். ரசீது முழு விவரத்தோடு இருக்க வேண்டும், அட்டையில் பணம் போனதற்கான துண்டுச்சீட்டு மட்டும் போதாது. வெளியிலிருந்து யாரையாவது பேச அழைத்தால் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரி சார்பில் போடுவதற்கென்று அலுவலர் இருப்பார். மெழுகுவர்த்தி ஏற்றும் யோசனை இருந்தால் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். விடுதிக் கட்டடங்களுக்குள் நெருப்புக்கு அநேகமாக அனுமதி கிடைக்காது, பேட்டரி விளக்குகள்தான்.

விளம்பரத்துக்குச் சமூக ஊடகம் மட்டும் போதாது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மதிய நேரம் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டும் சுவரொட்டியை எல்லோரும் முழுதாகப் படிப்பார்கள். ஆனால் நேரில் கூப்பிடுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. பத்து பேரைப் பெயர் சொல்லி அழையுங்கள், ஒவ்வொருவரையும் ஒருவரோடு வரச் சொல்லுங்கள். பாடம் சம்பந்தப்பட்டது என்றால் பேராசிரியரிடம் வகுப்பில் ஒரு நிமிடம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

நிகழ்ச்சி நாளன்று ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். எந்தக் கணினியில் படம் ஓடப்போகிறதோ அதே கணினியை, அதே கம்பியில், அதே புரொஜக்டரில் செருகி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா என்று கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள். கேட்காவிட்டால் வசன எழுத்தைப் போட்டுவிடுங்கள். கேட்டாலும் போடுவது நல்லது, செவித்திறன் குறைந்தவர்கள் யாரிடமும் கேட்காமலே பார்க்க முடியும். சக்கர நாற்காலிக்கு ஓரத்தில் இடம் விடுங்கள். நாற்காலிகளை எதிர்பார்க்கும் கூட்டத்தைவிடக் குறைவாகப் போட்டு, மிச்சத்தைத் தள்ளுவண்டியிலேயே சுவரோரம் நிறுத்தி வையுங்கள். ஆள் வர வர இறக்கலாம். இருபது நாற்காலியில் இருபது பேர் உட்கார்ந்தால் அறை கலகலப்பாக இருக்கும். அதே இருபது பேர் எண்பது நாற்காலியில் சிதறினால் படம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சாப்பிட ஏதாவது வைத்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி முன்னால் வையுங்கள். நிலக்கடலை, பால், கோதுமை, முட்டை விஷயத்தில் சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். தனியாக வருகிறவரைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லி, தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பதுதான் அவர் வேலை. இதற்குப் படிவம் எதுவும் கிடையாது. ஆனால் மற்ற எல்லா வேலையையும்விட இதற்குத்தான் நல்ல ஆளாகத் தேடுங்கள்.

ஊர்க்காரர்களையும் அழையுங்கள். பல கல்லூரிகளில் கச்சேரியும் கண்காட்சியும் ஊருக்கு இலவசம். கார்ல்டனில் 1887-ல் கட்டிய வான்நோக்கு நிலையம்கூட ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. அவர்களுக்கு வளாகத்துக் கட்டடப் பெயர்கள் தெரியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அறை வரை அம்புக்குறி ஒட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அரங்கில் ஒளி, ஒலி, டிக்கெட் வேலைகளுக்கு மாணவர்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் பருவம் நடக்கும்போது வளாகத்தில் எல்லா வேலையும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கணக்கை நீங்களே எழுதி வையுங்கள்.

எதற்குமே போகாத வாரங்களும் வேண்டும். சின்ன இடத்தில் மன்றத்தில் சண்டை போட்டவரையே மறுநாள் காலை உணவு வரிசையில் பார்க்க வேண்டியிருக்கும். குழு அரட்டையில் பதில் எழுதாமல் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். அறையைவிட்டு வெளியே வரவே மனமில்லாத நிலை நாள்கணக்கில் நீடித்தால், விடுதியில் உங்கள் தளத்தைக் கவனிக்கும் மூத்த மாணவரிடமோ ஆலோசனை மையத்திலோ சொல்லுங்கள். இங்கே அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்த இரவே ஒரு பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்: எந்த அறை, எவ்வளவு செலவு, எத்தனை பேர், யாரிடம் சாவி வாங்கினோம், எந்தக் கம்பி வேலை செய்தது. நடத்தியவர்கள் பட்டம் வாங்கிப் போனதும் எல்லாம் மறந்துபோய், அடுத்தவர்கள் முதலிலிருந்து தொடங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை மன்றத்தின் பொதுக் கோப்பில் போடுங்கள், ஒரு பிரதியை எங்கள் மாதிரி அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் யாராவது வந்து கேட்பார்கள், எடுத்துக் கொடுத்துவிடுவோம்.