எந்த மாஸ்டரைப் பகிர்வது, எதை அங்கேயே விடுவது

ஜவுளிக்கடை மூன்று கிளையாக வளர்ந்தால் மென்பொருளும் கூடவே வளரும்: கணக்குக்கு டாலி, கவுன்ட்டரில் பில்லிங், குடோனுக்குத் தனியாக ஒன்று, அப்புறம் ஆன்லைன் கடை. எல்லா மாஸ்டரையும் (பார்ட்டி, ஐட்டம் போன்றவற்றின் அடிப்படை விவரப் பட்டியல்) இணைத்துவிடலாம் என்று விற்க வருபவர் சொல்வார். அதற்குத் தலையாட்டும் முன் ஒரு எக்செல் தாளைத் திறந்துகொள்ளுங்கள்.

இடப்பக்கம் கீழ்நோக்கி ஃபீல்டுகளை எழுதுங்கள். "பார்ட்டி மாஸ்டர்" (நாம் வாங்கும், விற்கும் ஆட்களின் பட்டியல்) என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. பெயர், ஜிஎஸ்டி எண், முகவரி, கடன் வரம்பு, வங்கிக் கணக்கு எனத் தனித்தனியாக வர வேண்டும். மேலே குறுக்காக மென்பொருள்கள். ஒரு ஃபீல்டை உருவாக்கும் இடத்தில் "உ", படிக்க மட்டும் செய்யும் இடத்தில் "ப" என்று குறியுங்கள்.

ஒரே கட்டத்தில் மட்டும் குறி விழுந்த ஃபீல்டைப் பகிர வேண்டாம். அலமாரி எண் குடோனுக்கு மட்டும் போதும். ஒரு "உ", இரண்டு மூன்று "ப" இருந்தால் பகிரலாம். இரண்டு "உ" விழுந்த வரிசையில்தான் சண்டை இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாற்றம் முதலில் யார் காதுக்கு வருகிறது? கடன் வரம்பை முடிவு செய்வது கணக்குப் பிரிவு என்றால் அது டாலியில் மட்டும் மாறட்டும். ஆர்டர் எடுக்கும் இடத்தில் திருத்தும் வசதியையே பூட்டிவிடுங்கள். பூட்டாமல் வாய்மொழியாகச் சொல்லி வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கையிருப்பும் பாக்கித் தொகையும் மாஸ்டரே அல்ல, பரிவர்த்தனையின் விளைவு. அவற்றை மாஸ்டர் ஃபைலோடு சேர்த்து அனுப்பினால், நேற்றைய இருப்பு இன்றைய இருப்பை அழித்துவிடும். அவற்றுக்குத் தனி வழி வையுங்கள்.

பார்ட்டி விஷயத்தில் அதிகம் பிசகுவது ஜிஎஸ்டி எண். ஒரே துணி மில் ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் பில் போடும். 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, குஜராத் 24), அடுத்த பத்து பான் எண். ஒரு பார்ட்டிக்கு ஒரே எண் வைக்க இடம் கொடுத்திருந்தால், சூரத் பில் வரும்போது யாராவது 33-ஐ அழித்து 24 என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கடை தமிழ்நாட்டில் என்றால், அடுத்த ஈரோடு பில்லுக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் விற்பனைக்கான வரி) விழ வேண்டிய இடத்தில் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) விழும், ஜிஎஸ்டி தளம் காட்டும் கொள்முதல் வரிப் பட்டியலான 2பி-யோடு ஒத்துப்போகாது. இரண்டு தனிப் பார்ட்டியாக வைத்தாலோ மில்லுக்கு மொத்தம் எவ்வளவு தர வேண்டும் என்பது ஒரே இடத்தில் தெரியாது. ஆகவே பான் எண்ணை வைத்து ஒரு பார்ட்டி, அதன் கீழ் எத்தனை பதிவு இருந்தாலும் அத்தனை முகவரி. பழைய பட்டியலில் இரட்டைப் பதிவைப் பிடிக்க, ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாம் எழுத்திலிருந்து பத்து எழுத்தை வெட்டித் தனி நெடுவரிசையில் போட்டு வரிசைப்படுத்தினால் போதும்.

கவுன்ட்டரில் வாங்கும் வாடிக்கையாளரின் மொபைல் எண் பில்லிங்கிலேயே இருக்கட்டும். டாலிக்கு "ரொக்க விற்பனை" என்ற ஒரு லெட்ஜர் போதும்.

ஐட்டத்தில் கோடு (நீங்கள் வைத்த குறியீட்டு எண்), பெயர், எச்எஸ்என் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), அலகு, பார்கோடு எல்லாருக்கும் வேண்டும். அளவும் நிறமும் பில்லிங், குடோன், ஆன்லைன் மூன்றுக்கும் போகும். டாலிக்கு ரக வாரியாக இருந்தால் போதும். அலகைப் பகிரும்போது மாற்று விகிதத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்: குடோன் "ரோல்" என்று பதிந்து கவுன்ட்டர் "மீட்டர்" என்று விற்றால் இருப்பு ஒருநாளும் பொருந்தாது. ரோலுக்கு ரோல் நீளம் மாறும் என்றால் விகிதம் வேண்டாம், எல்லா இடத்திலும் மீட்டரே அடிப்படை அலகாக இருக்கட்டும்.

வரி விகிதத்தை ஐட்டத்தில் எழுதிப் பகிராதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஒரு உருப்படியின் வரிக்கு முந்தைய விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2,700 ரூபாய் சட்டைக்கு ஆடித் தள்ளுபடியாக பில்லிலேயே 10 சதவீதம் கழித்தால் மதிப்பு 2,430. வரி 5-க்கு இறங்கிவிடும். ஐட்டத்தில் 18 என்று பதிந்திருந்தால் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வசூலித்துவிடுவீர்கள். எச்எஸ்என்னை மட்டும் ஐட்டத்தோடு அனுப்பிவிட்டு, வரம்பு, விகிதம், அமலுக்கு வரும் தேதி மூன்றையும் தனி அட்டவணையாகப் பகிருங்கள். தேதி கட்டாயம்: மாற்றத்துக்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) பழைய விகிதத்தில்தான் போக வேண்டும்.

இணைக்கும் முன் ஐம்பது ஐட்டத்தை மட்டும் அனுப்பிப் பாருங்கள். இடையில் சிஎஸ்வி ஃபைலை (விவரங்களைக் காற்புள்ளியிட்டுப் பிரித்த எளிய ஃபைல்) எக்செல்லில் திறந்து சேமித்தால் 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு 8.9E+12 என்பதுபோல் சுருங்கிவிடும், கோடின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று சொல்லி இம்போர்ட் செய்ய வேண்டும்.

ஓடாத ஐட்டத்தை எங்கேயும் அழிக்காதீர்கள். "நிறுத்தம்" என்று ஒரு ஃபீல்டு வைத்து அதையும் பகிருங்கள். கவுன்ட்டரில் விற்பனைக்கு மறைந்து, ரிட்டர்னுக்கு மட்டும் தென்பட்டால் சரி.