மூன்று விளக்குக்கு ஒரே ரெசிஸ்டர்

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை மாதிரி ரயிலாக அமைக்கிறீர்களா? ஆரியங்காவு பிளாட்பார விளக்குகளை மும்மூன்று வெள்ளை எல்.இ.டி.யாகத் தொடரில் கோத்து, 12 வோல்ட் டிசி அடாப்டரில் ஒரே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு (மின்தடை) இணையுங்கள்.

ஒவ்வொரு எல்.இ.டி.யும் சுமார் 3 வோல்ட் எடுக்கும். மிச்சம் 3 வோல்ட்தான் ரெசிஸ்டரில் வீணாகும். விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர் என்று தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 9 வோல்ட் வீணாகும், ஒயரும் கூடும். ஓடுவது 3 மில்லி ஆம்பியர்தான். மலை ஸ்டேஷனுக்கு அந்த மங்கல் வெளிச்சம்தான் அழகு. பளிச்சென்று வேண்டுமானால் 330 ஓம்.

சிக்னலுக்கு இது சரிவராது, சிவப்பும் பச்சையும் தனித்தனியே எரிய வேண்டுமே. டிசி தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தாலும் வேண்டாம்: வண்டியை நிறுத்த அந்த மின்சாரத்தை நிறுத்தினால் விளக்கும் அணையும். மூன்றில் ஒன்று போனால் மூன்றும் இருட்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.