பி.ஜி. மருத்துவரை வார்டில் மதிப்பிடுவது எப்படி?

எம்.டி. என்ற மருத்துவ மேற்படிப்பு (பி.ஜி.) படிக்கும் 3 ஆண்டுகளில், செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கில் ஒரு மாணவருக்கு ஆசிரியர்கள் போடும் கையெழுத்துகள் எத்தனை! நானும் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் ‘நன்று, நன்று’ என்று எழுதித் தள்ளியவன்தான். மாணவர் நோயாளியைப் பார்ப்பதை நேரில் கவனித்து மதிப்பெண் போடும் மினி-சி.இ.எக்ஸ். படிவத்தைக் கையில் எடுத்த பிறகுதான், கையெழுத்திட்ட பலவற்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது.

படி 1: ஒரு நோயாளி, ஒரு வேலை. பார்க்க 15 முதல் 20 நிமிடம், பேச 5 முதல் 10 நிமிடம். முழு கேஸையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். நோயாளியிடம் முதலிலேயே சம்மதம் கேட்டுவிடுங்கள்.

படி 2: நோயாளியின் தலைமாட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். கண்ணில் பட்டால் அவர் மாணவரை விட்டுவிட்டு உங்களிடமே பேசுவார்.

படி 3: பேசாமல் இருங்கள். நான் சறுக்கியது இங்கேதான்.

குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர், கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். அவருக்குப் புதிதாக இன்சுலின். மாணவர் ஊசி போடும் விதத்தை அழகாகச் சொல்லிக்கொடுத்து, “குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் ஐயா” என்று முடித்தார். “சரி சாரே, போட்டில் ஐஸ் நிறைய இருக்கிறது” என்றார் அவர். நான் துள்ளி எழுந்துவிட்டேன். ஐஸுக்குள் வைத்தால் இன்சுலின் உறைந்துவிடலாம். உறைந்தது உருகினாலும் உதவாது. அதை நானே விளக்கி முடித்தேன். மாணவர் அந்த ‘ஐஸ்’ என்ற சொல்லைக் கவனித்தாரா? இன்றுவரை தெரியாது, நான் இடம் கொடுக்கவில்லையே! உடனடி ஆபத்து என்றால் குறுக்கிடத்தான் வேண்டும். இல்லையென்றால் கடைசி வரை காத்திருந்து, நோயாளி எழுந்து போவதற்குள் திருத்துங்கள்.

படி 4: மதிப்பெண். 1–3 போதாது, 4–6 போதும், 7–9 மிக நன்று. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 7 போடுகிறோம். முதலில் பார்த்ததை ஒரு வரியில் எழுதுங்கள், பிறகு எண்ணைப் போடுங்கள். கை தானாக 5-க்கு இறங்கும்.

படி 5: தனியே அழைத்துப் பேசுங்கள், நர்ஸ்கள் முன்னால் வேண்டாம். “எப்படிப் போயிற்று?” என்று அவரையே முதலில் கேளுங்கள். ‘பேச்சுத்திறன் போதாது’ என்றால் அவர் என்ன செய்வார்? ‘மருந்தை எங்கே வைப்பீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை’ என்றால் அடுத்த நோயாளியிடம் கேட்பார். நாலு பாராட்டுக்கு நடுவே குறையை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. மாணவர் ‘ஆனால்’ எப்போது வரும் என்றே காத்திருப்பார்.

குறிப்பெடுக்கக் கால் தாள் போதும். கைப்பேசியில் தட்டினால் நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பதாக மாணவர் நினைப்பார்.

பின்சேர்க்கை: முதுகுத்தண்டு நீர் எடுப்பதற்கும் இதே படிவமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை, இப்படிக் கையால் செய்யும் செய்முறைகளை நேரில் பார்த்து மதிப்பிட டாப்ஸ் (DOPS) என்ற தனிப் படிவம். மாவட்ட ரெசிடென்சிக்காக, அதாவது மாவட்ட மருத்துவமனையில் பயிற்சிக்காக, மாணவர் 3 மாதம் வெளியே போகும்போது யார் மதிப்பிடுவது என்பது இன்னொரு கேள்வி. அங்கே அருகில் நின்று பார்த்தவர்தான். திரும்பி வந்த பிறகு நாம் நினைவிலிருந்து நிரப்பக் கூடாது.