ஸ்மித்ஸ் சறுக்கிய இடங்கள்: புதிதாக பேண்ட் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான ஸ்மித்ஸ் ஏன் உடைந்தது என்று கேட்டால் பாடகர் மோரிசியின் தலைக்கனம் என்பார் ஒருவர், கிடார் கலைஞர் ஜானி மார் களைத்துப்போனார் என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 1982-இல் மான்செஸ்டரில் தொடங்கி 1987-இல் முடிந்த அந்தக் குழுவின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், பாட்டு விஷயத்தில் அவர்கள் பெரிதாகத் தவறவே இல்லை. நான்கு ஸ்டூடியோ ஆல்பங்களில் ஒன்று பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது, மற்ற மூன்றும் இரண்டாமிடம். அத்தனையும் ரஃப் டிரேட் என்ற சிறிய சுயாதீன நிறுவனத்தின் வெளியீடுகள். சறுக்கியதெல்லாம் எழுத்து, கணக்கு, நிர்வாகம் என்ற பக்கத்தில்தான். எனவே அந்தப் பக்கத்தையே இங்கே அதிகம் பார்க்கிறோம்.

பங்கு பேசாமல் மேடை ஏறுவது

பாடகர் மோரிசி, கிடார் ஜானி மார், பேஸ் ஆண்டி ரூர்க், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ் என்று குழுவில் நான்கு பேர். 1983-இல் ரஃப் டிரேட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் முதல் இருவர் மட்டுமே. அந்த இருவருக்கும் தலா 40 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 10 என்று வருமானம் பிரிந்தது. எல்லோரும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான் இது என்றது ஒரு தரப்பு. நான் அப்படி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஜாய்ஸ். எடுத்துக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

இங்கிலாந்துச் சட்டப்படி, சிலர் சேர்ந்து லாப நோக்கில் ஒரு தொழிலை நடத்தினால் பத்திரம் எதுவும் எழுதாவிட்டாலும் அது கூட்டாண்மைதான். 1890-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 24-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வேறு உடன்பாடு இல்லையென்றால் லாபம் சமபங்கு, நட்டமும் அப்படியே. நான்கு பேர் என்றால் ஆளுக்கு 25. சமபங்கு கேட்டு ஜாய்ஸ் தொடுத்த வழக்கு 1996 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் முடிந்தபோது ஜாய்ஸுக்குக் கிடைத்ததும் அந்த 25 சதவீதம்தான். பழைய பாக்கி மட்டுமே சுமார் 10 லட்சம் பவுண்டு. மோரிசியைப் பற்றி நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. குழு நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது 1998-இல் தள்ளுபடியான மேல்முறையீட்டைத்தான். பத்து சதவீதப் பங்கு தெரியும்படியான கணக்கு ஜாய்ஸ் கைக்கு வந்தது, அவர் மறுக்கவில்லை, ஆகவே அது சம்மதம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. கணக்கை அனுப்பிவிட்டோம், அவன் வாயைத் திறக்கவில்லை என்பது உடன்பாடு ஆகாது.

ரூர்க்கின் கதை வேறு பாடம். ஜாய்ஸுக்கு இருந்த அதே உரிமை அவருக்கும் இருந்தது. ஆனால் பணமுடையில் இருந்த அவர் 1989-இலேயே 83,000 பவுண்டையும் தொடர்ந்து 10 சதவீதத்தையும் ஏற்றுக்கொண்டு வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். 2023-இல் இறக்கும்வரை அந்தக் கையெழுத்தை மாற்ற வழியிருக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் நிரந்தர உரிமையை விட்டுத்தரும் தாளில் கையெழுத்துப் போடுவது பேண்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. அவசரச் செலவுக்கு முன்பணம் கேளுங்கள், சதவீதத்தை விற்காதீர்கள்.

இந்த வழக்கைப் பேசும்போது பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. வழக்கு ஒலிப்பதிவிலும் நிகழ்ச்சிகளிலும் வந்த பணத்தைப் பற்றியது மட்டுமே. பாடலை இயற்றியதற்கான ராயல்டி தனி. அது வரிகளுக்கு மோரிசி, இசைக்கு ஜானி மார் என்று இருவர் பெயரில் இருந்தது, அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ‘திஸ் சார்மிங் மேன்’ பாட்டை இன்று கேட்பவர் ரூர்க்கின் பேஸ் ஓட்டத்தையும் சேர்த்தேதான் முணுமுணுப்பார். இருந்தாலும் இயற்றியவர் பட்டியலில் அவர் இல்லை. இது சரியா தவறா என்று பாட்டு வெளியான பிறகு விவாதித்துப் பயனில்லை. பாட்டு முடிந்த அன்றே, ஒத்திகை அறையை விட்டுக் கிளம்பும் முன், பாட்டின் பெயர், தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், அனைவரின் கையெழுத்து என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். பிரிட்டனில் இயற்றியவருக்கான பணம் பி.ஆர்.எஸ். என்ற வசூல் அமைப்பு வழியாகவும், ஒலிப்பதிவில் வாசித்தவருக்கான பணம் பி.பி.எல். என்ற இன்னொரு அமைப்பு வழியாகவும் வரும். இரண்டும் தனித்தனிப் பதிவு. ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதை மறந்துபோகும் டிரம்மர்கள் ஏராளம்.

குழு ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஒலிப்பதிவுப் பங்கு, நிகழ்ச்சிப் பங்கு, டி-ஷர்ட் போன்ற சரக்கின் பங்கு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். விலகுகிறவருக்குப் பழைய பதிவுகளில் என்ன கிடைக்கும், கடன் யார் தலையில், எத்தனை பேர் சம்மதித்தால் ஒரு முடிவு செல்லும், பெயர் யாருடையது என்பவையும் வேண்டும். எல்லோரும் ஒரே வழக்கறிஞரிடம் போவதும் தவறுதான். அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று பின்னால் கேள்வி வரும்.

மேலாளர் இல்லாமல் ஓட்டுவது

முதல் மேலாளர் ஜோ மாஸ் ஆரம்பக் காலத்திலேயே விலகினார். பிறகு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. விளைவாக, இசை முழுவதையும் அமைத்துக்கொண்டிருந்த ஜானி மாரே வேன் வாடகை, பணப் பட்டுவாடா, நிறுவனத்தோடு தகராறு என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்தார். அப்போது அவருக்கு வயது 22, 23. 1986-இல் ரூர்க் ஹெராயின் பழக்கத்தால் சில வாரம் நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டபோதும், அதைக் கையாள நிதானமான மூன்றாம் ஆள் யாரும் இல்லை. 1987 கோடையில் ஜானி மார் கேட்டது ஓய்வு. அதைச் சண்டையில்லாமல் மற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பிரிவு தள்ளியாவது போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. பத்திரிகையில் பிளவுச் செய்தி வந்தது, அதை யார் கசியவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தது, கதை முடிந்தது.

மேலாளருக்கு வழக்கமாக வருமானத்தில் 15 முதல் 20 சதவீதம். மொத்த வருமானத்திலா, செலவு போக மீதியிலா என்பதை எழுதாமல் விட்டால் சுற்றுப்பயணம் முடியும்போது மேலாளர் லாபத்திலும் குழு நட்டத்திலும் இருக்கும்.

நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது

‘த குயின் இஸ் டெட்’ ஆல்பம் 1985 இறுதியிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெளிவந்ததோ 1986 ஜூனில். ஒப்பந்தத்தை விட்டு வெளியேற முயன்ற குழுவுக்கு எதிராக ரஃப் டிரேட் நீதிமன்றத் தடை வாங்கியதே காரணம். பதிவு நாடாக்களை எடுத்து வந்துவிடலாம் என்று ஜானி மார் இரவோடு இரவாக சர்ரியிலுள்ள ஸ்டூடியோவுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினார். நாடா கையில் இருந்தாலும் உரிமை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பிறகு இ.எம்.ஐ. என்ற பெரிய இசை நிறுவனத்தோடு கையெழுத்தாகியும், ரஃப் டிரேடுக்குத் தர வேண்டிய கடைசி ஆல்பம் 1987 செப்டம்பரில் வருவதற்குள் குழுவே இல்லை.

சிறு நிறுவனம் என்றால் நம்மவர்கள், ஒப்பந்தம் லேசாக இருக்கட்டும் என்று நினைப்பதும் கூடாது. ரஃப் டிரேட் 1991-இல் நொடித்தது. ஸ்மித்ஸின் பழைய பதிவுகள் 1992-இல் வார்னர் என்ற பெரிய இசை நிறுவனத்தின் கைக்குப் போயின. நிறுவனம் மூழ்கினால் பதிவுகளின் உரிமை குழுவுக்கே திரும்பும் என்ற ஒரு வாக்கியத்தை முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். பின்னால் கேட்டால் தரமாட்டார்கள்.

நல்ல பாட்டை ஓரத்தில் வைப்பது

‘ஹவ் சூன் இஸ் நௌ?’ 1984 ஆகஸ்டில் வேறொரு சிங்கிளின் (தனிப்பாட்டு வெளியீட்டின்) 12 அங்குலத் தட்டில் கூடுதல் பாட்டாக வந்தது. நவம்பரில் ‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ தொகுப்பிலும் சேர்ந்தது. 1985 தொடக்கத்தில் தனி சிங்கிளாக விட்டபோது 24-ஆம் இடத்தோடு நின்றது. வாங்கக்கூடிய ரசிகர்களிடம் அது ஏற்கெனவே இருமுறை இருந்தது.

அந்தப் பாட்டின் அலையடிக்கும் கிடார் ஒலியை ஒரே பெடலில் கொண்டுவர முயல்வதும் வழக்கமான தவறு. ஜானி மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் முதலில் கிடாரை எந்த எஃபெக்டும் இல்லாமல் பதிந்தார்கள். அந்தப் பதிவை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்ளிஃபையர்களுக்கு அனுப்பி, ஆளுக்கு இரண்டாக டிரெமொலோ (ஒலியளவை ஏற்றி இறக்கும் எஃபெக்ட்) வேகத்தைக் கையால் திருகினார்கள். தாளத்தை விட்டு விலகியதும் நாடாவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பதிவு. சில நேரம் பத்து பத்து விநாடியாகத்தான் நகர்ந்தது. இன்று மென்பொருளில் டிரெமொலோவைத் தாளத்தோடு பூட்டிவிட்டால் ஒலி தட்டையாகிவிடும். பூட்டாமல் இரண்டு மூன்று தனித் தடங்களில் ஓடவிட்டு, மிக விலகும் இடங்களை மட்டும் வெட்டிச் சரிசெய்யுங்கள். எஃபெக்ட் இல்லாத மூலத் தடத்தை அழிக்காதீர்கள். சுருதி எஃப் ஷார்ப் என்பதால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கிடார் கழுத்தில் தந்திகளை அழுத்தும் பிடிப்பான்) மாட்டி ‘இ’ வடிவத்தில் வாசிக்கலாம்.

அட்டைப் படமும் பெயரும்

அட்டைக்குப் பழைய சினிமாப் படங்களைத் தேர்ந்தெடுப்பது மோரிசியின் வேலை. ‘வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்?’ அட்டையில் நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப் இருந்தார். அவர் ஆட்சேபித்ததும், மோரிசியே கையில் ஒரு கிளாஸ் பாலோடு அதே தோரணையில் நின்று எடுத்த படத்தைப் போட்டார்கள். ஸ்டாம்ப் பிறகு மனம் மாறி அனுமதித்தார். அச்சான பிறகு கேட்கிற அனுமதிக்கு இரட்டைச் செலவு.

பெயர் விஷயம் இன்னும் நீண்டது. குழு பிரிந்து 31 ஆண்டுகள் கழித்து, 2018-இல், வெளியார் ஒருவர் ஸ்மித்ஸ் பெயரைப் பயன்படுத்த முயன்றதை அறிந்து ஜானி மார் அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். 2024-இல் அதுவும் பகிரங்கச் சர்ச்சையானது. பதிவு செய்யும்போது ஒருவர் பெயரில் போடாமல் எல்லோர் பெயரிலும், அல்லது குழுவுக்கென்று தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் போடுங்கள். வணிகச் சின்னப் பதிவில் குறைந்தது மூன்று வகுப்புகள் (சரக்கு, சேவைப் பிரிவுகள்) வேண்டும்: ஒலிப்பதிவுக்கு 9, உடைகளுக்கு 25, மேடை நிகழ்ச்சிக்கு 41. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.