டயலிசிஸோடு தாயகம் போகிறவர்களுக்கு

விமானச் சீட்டு எடுக்கும் முன், போகும் ஊரில் டயலிசிஸுக்கு (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்கு) இடம் எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கலியாண நாள், பிள்ளைகளின் விடுமுறை, மலிவான சீட்டு எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் "அங்கே எங்கேயாவது செய்யலாம்தானே" என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் கிழமைக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் என்று வழக்கமாக வருகிறவர்களாலேயே அங்குள்ள நிலையங்களின் கட்டில்கள் நிரம்பியிருக்கும். சில மாதங்களுக்கு முன்பே கேட்டு, நாளையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கி, அதன் பிறகு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

என் கணவரோடு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை இடம் பதிவு செய்திருந்தோம், எங்கள் வைத்தியரின் கடிதமும் கையில் இருந்தது. ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள் பழையவை, புதிதாக எடுத்து வந்தால்தான் இயந்திரத்தில் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பயணத்திலேயே இரண்டு நாள் போயிருந்தது. அன்றிரவு அவரால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து, உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சு வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டுவது நுரையீரலில் நீர் சேர்கிறது என்பதற்கான அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அன்று எனக்கு அது தெரியவில்லை.

அதனால், எத்தனை நாளுக்குள் எடுத்த முடிவுகள் வேண்டும் என்று போகும் நிலையத்திடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி டயலிசிஸைப் புறப்படுவதற்கு முந்தின நாளும், அடுத்ததை இறங்கிய மறுநாளும் வைத்துக்கொண்டால் நல்லது. கிழமையில் வரும் இரண்டு நாள் இடைவெளியே இதயத்துக்கு ஆபத்தான நேரம். விமானமும் நேர மாற்றமும் சேர்ந்து அதை மூன்று நாளாக்க விடக்கூடாது.

கையில் கொண்டுபோகும் கடிதத்தில் உலர் எடை (மேலதிக நீர் நீக்கிய பிறகுள்ள எடை), டயலைசர் என்ற வடிகட்டியின் வகை, கரைசலில் பொட்டாசியம், கால்சியம் அளவு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினின் அளவு, ஊசியின் பருமன், ஒவ்வாமைகள் எல்லாம் இருக்க வேண்டும். கடைசி மூன்று டயலிசிஸ் பதிவுத் தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள். அங்குள்ள தாதிக்குக் கடிதத்தைவிட அவைதான் அதிகம் உதவும். இரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்டின் ஊசியை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்க வேண்டும், ஆகவே அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டு முடிய மாதக்கணக்கில் ஆகும். உடலில் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறதா என்பதை ஆறு மாதம் முன்பே பாருங்கள்.

காப்புறுதியையும் நுணுக்கமாகப் படியுங்கள். ஐரோப்பிய சுகாதார அட்டையோ பிரித்தானியாவின் அட்டையோ இலங்கையிலும் இந்தியாவிலும் செல்லாது. சாதாரணப் பயணக் காப்புறுதி வழமையான டயலிசிஸ் செலவைப் பெரும்பாலும் ஏற்காது.

வயிற்று வழி டயலிசிஸ் (வயிற்றுக்குள் குழாயால் கரைசலை விட்டு, கழிவோடு வெளியே எடுப்பது) செய்கிறவர்களுக்குக் கட்டில் தேட வேண்டியதில்லை, ஆனால் கரைசல் பைகள் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். நாளுக்கு நான்கு முறை 2 லிட்டர் மாற்றுகிறவருக்கு ஒரு கிழமைக்கு 56 லிட்டர் தேவை. அவ்வளவையும் நிறுவனம் நேராகத் தங்கும் வீட்டுக்கே அனுப்ப மாதங்கள் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும். இரவு இயந்திரம் பாவிப்பவர்கள் மின்சாரம் நின்றால் கையால் மாற்றுவதற்கான பைகளும் வைத்திருங்கள். குழாயை இணைக்கும்போது யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெக்கையில் விசிறியை நிறுத்த மனம் வராது, ஆனாலும் நிறுத்துங்கள். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தண்ணீர்தான் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பொதுவாக, நாளொன்றுக்குப் போகும் சிறுநீரின் அளவோடு 500 மில்லிலிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். உங்களுக்கான அளவை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். என் கணவருக்குச் சிறுநீரே போவதில்லை. காலையில் ஒரு போத்தலில் அன்றைய அளவை ஊற்றி வைப்பேன். தேநீர் குடித்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிடுவேன். மாமி இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நிற்பா. "வெயிலுக்க வந்த பிள்ளை, ஒரு வாய் குடி ராசா." ஒரு குவளை இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்று அவவுக்கு எப்படிச் சொல்வது? முதல் முறை, அங்கே போய் இறங்கிய பிறகு சொல்லப் போய் இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம். இரண்டாம் முறை, புறப்படும் முன்பே தொலைபேசியில் நிதானமாக விளக்கினேன். அதன் பிறகு மாமிதான் அவருக்குக் காவல், எவரையும் ஒன்றும் கொடுக்க விடவில்லை. நட்சத்திரப் பழம் ஒரு துண்டும் வேண்டாம், அதிலுள்ள நஞ்சு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலிலும் பொட்டாசியம் உண்டு, கேட்காமல் குடிக்க வேண்டாம்.

காய்ச்சல், உளைவு என்று போனால் ஊசி போடும் முன்பே சொல்லுங்கள்: டைக்லோஃபெனாக், இப்யூபுரோஃபென் வேண்டாம், பாரசிட்டமோல் போதும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாராவது மூலிகை தந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் சிறுநீரகத்தையே அழிக்கும் அமிலம் இருக்கிறது.

ஃபிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் மூன்று விரல்களை வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் சின்னதொரு அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். காலையும் இரவும் பார்க்க வேண்டும். அது நின்றால் சில மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் இருக்க வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள், பெட்டியும் தூக்காதீர்கள். டயலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் உள்ளவர்கள் கடலிலும் கிணற்றடியிலும் குளிக்க ஆசைப்பட வேண்டாம்.

இனி, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் காத்திருக்கிறவர்களுக்கு. எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் வைத்திருக்கக்கூடிய நேரம் ஒரு நாள் அளவுதான், அதற்குள் தாயகத்திலிருந்து நீங்கள் வந்து சேர முடியாது. ஆகவே போகும் நாட்களுக்குப் பட்டியலில் உங்கள் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், காத்திருந்த காலம் கணக்கில் நிற்குமா என்றும் கேளுங்கள். அங்கே இரத்தம் ஏற்றச் சொன்னால், உயிருக்கு அவசரமா என்று ஒருமுறை கேளுங்கள். பிறர் இரத்தத்தால் உடலில் பிறபொருளெதிரிகள் (அந்நிய உறுப்பை எதிர்க்கும் புரதங்கள்) உருவானால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது இன்னும் கடினமாகும்.

"இங்கேயே ஒரு ஆளைப் பிடித்துத் தாறன்" என்று ஒருவர் வருவார். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் சட்டமும் இலங்கையில் 1987ஆம் ஆண்டின் சட்டமும் உறுப்பு வாங்குவதையும் விற்பதையும் தடை செய்கின்றன. கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்பவர் நம்முடைய ஒரு ஏழைதான். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திரும்பியதும் உங்கள் நிலையத்தில் மறுபடி தொற்றுப் பரிசோதனை செய்வார்கள், சில கிழமை தனி இயந்திரத்திலும் போடலாம். யாரும் உங்களைத் தண்டிக்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கான பாதுகாப்பு அது. ஒருங்கிணைப்பாளருக்கு நீங்களே தொலைபேசி எடுத்து, மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். சேர்த்தாச்சு என்று கடிதம் வரும்வரை விடாதீர்கள்.