விலை குறைந்த இறக்குமதி பெல்லட்டை எப்படிச் சோதித்து வாங்குவது

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கு உரிய இடம் அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளைப் பொட்டு. ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டின் குறுக்களவோ 4.5 மி.மீ. பொட்டைவிடக் குண்டு பெரிது. அதனால் பெல்லட் ஒரே மாதிரி பறக்கவில்லை என்றால், சுடுகிறவர் எவ்வளவு நிதானமாக நின்றாலும் புள்ளி கைக்கு வராது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு பெல்லட்தான் தொடர்ந்து வரும் செலவு. நாளுக்கு 100 குண்டு சுட்டால் 500 குண்டுள்ள டின் ஐந்தே நாளில் தீரும். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகியவற்றின் மேட்ச் (போட்டித் தர) டின்களைத் தினப் பயிற்சிக்குச் செலவழிக்க எல்லா வீட்டாலும் முடியாது. எனவே விலை குறைந்த இறக்குமதி டின்னைத் தேடுவதில் தவறே இல்லை. அவற்றில் நல்லதும் வருகிறது, மோசமானதும் வருகிறது. ஒரே பெயரில் போன மாதம் வந்தது ஒரு மாதிரியும், இந்த மாதம் வந்தது வேறு மாதிரியும் இருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தீர்மானிக்காமல், கையில் இருக்கும் லாட்டை, அதாவது ஒரே தடவையில் செய்து வந்த தொகுதியை, சோதியுங்கள்.

எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம், கொஞ்சம் அகலமாக இருப்பது பயிற்சிக்குப் பெரிய குறை அல்ல. நின்று சுடும்போது பத்துக் குண்டும் 25 மி.மீ. வட்டத்துக்குள் விழுகிற ஒருவருக்கு, 6 மி.மீ. குரூப் தரும் பெல்லட்டும் 8 மி.மீ. குரூப் தரும் பெல்லட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மொத்தப் பரவலில் அரை மில்லிமீட்டர்தான் கூடும். ஆனால் இருபதில் ஒன்று காரணமில்லாமல் விலகிப் போகிற பெல்லட் கெடுதல். குண்டு புறப்பட்ட கணத்திலேயே அது எங்கே விழுந்திருக்கும் என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சியின் உயிர். நன்றாகச் சுட்ட குண்டு எட்டில் போய் விழுந்தால், பிள்ளை இல்லாத தவறைத் தன் கையில் தேடத் தொடங்கும். அந்தப் பழக்கத்தைத் திருத்தப் பல மாதம் ஆகும். டின் விலையில் மிச்சம் பிடித்த காசு அதற்கு ஈடாகாது.

கடையில் பார்க்க வேண்டியது

இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எண்ணிக்கை அல்லது எடை, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. அந்த ஸ்டிக்கரே இல்லாத டின் எந்த வழியாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறை வந்தால் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது. அடுத்து லாட் எண், தலை அளவு (பெல்லட்டின் முன்பகுதிக் குறுக்களவு). நல்ல மேட்ச் டின்னில் 4.49 அல்லது 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். பயிற்சி டின்களில் பெரும்பாலும் வெறும் 4.5 என்றுதான் இருக்கும். அது மட்டும் குறை ஆகாது. லாட் எண் இல்லாவிட்டால்தான் சிக்கல்: நன்றாக வந்த டின்னையே மறுபடி கேட்டு வாங்க வழி இல்லாமல் போகும்.

தலை தட்டையாக உள்ள பெல்லட்டையே கேளுங்கள். கூர்முனையும் உருண்டை முனையும் காகிதத்தைக் கிழிக்கும். ஓட்டையின் விளிம்பு தெளிவாக இருக்காது, புள்ளி எண்ண முடியாது. 4.5 என்று எழுதி விற்கும் இரும்புக் குண்டுமணிகளை ரைஃப்ளிங் (உட்புறச் சுழல் வரிகள்) உள்ள பேரலில் ஒருபோதும் போடாதீர்கள். பேரலின் வரிகளைத் தேய்த்துவிடும். தகட்டில் பட்டுச் சுட்டவர் மேலேயே திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத துத்தநாகக் கலவைக் குண்டும் உண்டு. அதை எடையும் நகமும் காட்டிக்கொடுக்கும்: மென்மையான ஈயத்தில் நகக்கீறல் பதியும், துத்தநாகத்தில் பதியாது.

முதலில் ஒரே ஒரு டின் வாங்குங்கள். சோதித்த பிறகு அதே லாட்டில் பத்தோ இருபதோ எடுத்துக்கொள்ளலாம்.

தராசும் கண்ணாடியும்

ரைபிளுக்கு உரிய மேட்ச் பெல்லட் ஒன்று 0.53 கிராம், பிஸ்டலுக்கு உரியது 0.49 கிராம் அளவில் இருக்கும். 500 குண்டு 0.53 வீதம் 265 கிராம். முழு டின்னை நிறுத்து, பிறகு காலி டின்னை நிறுத்துக் கழித்தால் எண்ணிக்கை குறைகிறதா, எடை குறைகிறதா என்று ஒரே வேலையில் தெரியும். டின்னில் போட்டுள்ள எடையோடு ஒப்பிட்டு ஐந்தாறு கிராம் குறைந்தால் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

தனித்தனிக் குண்டுக்கு மளிகைக்கடைத் தராசு போதாது. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும் மில்லிகிராம் தராசு வேண்டும். ஊரில் தெரிந்த நகைக்கடை இருந்தால் கூட்டமில்லாத நேரத்தில் கேளுங்கள். டின்னின் மேல், நடு, அடி என்று கலந்து 50 குண்டு எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். மிகக் குறைவானதற்கும் மிக அதிகமானதற்கும் இடையே 0.010 கிராமுக்குள் இருந்தால் நல்ல லாட். 0.020 வரை பயிற்சிக்குப் போதும். 0.030-ஐத் தாண்டினால் வேண்டாம். இதற்குக் கணக்கு உண்டு. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு பத்து மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 18 மி.மீ. கீழே இறங்குகிறது. எடை இரண்டு சதவீதம், அதாவது 0.010 கிராம் கூடினால், வேகம் குறைந்து இறக்கம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது. போட்டியில் குண்டுக்குத் தரும் தசமப் புள்ளியில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். ஆகவே 0.030 வித்தியாசம் என்றால் எடையினால் மட்டும் ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் சிதறும்.

ஆனால் எடை சரியாக இருக்கும் பெல்லட்டும் விலகும். பெரும்பாலும் குற்றவாளி பின்பக்கப் பாவாடைதான். சன்னமான ஈயத் தகடு போன்ற அந்தப் பகுதி காற்று கசியாமல் பேரலை அடைக்க வேண்டும். வழியில் டின் குலுங்கினாலே அது நசுங்கும். விலை குறைந்த டின்களில் மேலே பஞ்சுத் தகடு வைக்காமல் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். 100 குண்டை வெள்ளைத் தாளில் கொட்டி, பாவாடை மேலே தெரியும்படி நிறுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் கோணியது, விளிம்பில் பிசிறு நிற்பது, உள்ளே ஈயத் துணுக்கு ஒட்டியிருப்பது, தலையில் பள்ளம் உள்ளது என்று பிரித்து எண்ணுங்கள். நூற்றில் இரண்டு மூன்று இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பத்துக்கு மேல் போனால் அந்த லாட்டைப் பொறுக்கும் வேலைக்கே நேரம் போதாது.

அடுத்தது உருட்டிப் பார்ப்பது. இரண்டடி நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை, ஒரு பக்கம் விரல் உயரத்துக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள். பாவாடை தலையைவிடச் சற்றுப் பெரிது என்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்து போகும். ஒரே இடத்திலிருந்து கைபடாமல் விடும்போது எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தள்ளாடி உருள்வது கோணல். வேறு இடத்தில் போய் நிற்பது தலை அளவோ பாவாடை அளவோ மாறியது. வெர்னியர் காலிப்பரால் தலை அளவை எடுக்க முயல வேண்டாம். 4.49-க்கும் 4.50-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரண டிஜிட்டல் காலிப்பர் நம்பும்படி காட்டாது. அதன் தாடை ஈயத்தை அமுக்கியும் விடும்.

சுட்டுப் பார்ப்பது

இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டியது உங்கள் பேரல். ஒரு ரைபிளில் அருமையாகப் போகும் லாட் பக்கத்து ரைபிளில் சிதறும்.

காற்று வாங்கும் கொட்டகையில் சோதிக்காதீர்கள். ஆடிக்காற்று நேரத்தில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அதிகாலையில் செய்வது நல்லது. பி.சி.பி. ரைபிளாக (சிலிண்டரில் காற்றை முன்பே அழுத்தி நிரப்பியது) இருந்தால் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பிடிக்கலாம்; தாடைகளுக்கு ரப்பர் வைத்து நடுப்பகுதியின் உலோகக் கட்டையைப் பிடியுங்கள். பேரலையோ காற்று சிலிண்டரையோ இறுக்கக் கூடாது. வைஸ் இல்லை என்றால் சலித்த மணல் நிரப்பிய இரண்டு துணிப்பைகள் போதும், ஒன்று முன்கட்டைக்கு அடியில், மற்றது பின்கட்டைக்கு அடியில். ஸ்பிரிங் ரைபிளை வைஸில் இறுக்கினால் உதைப்பு வழி மாறிக் குரூப் கெட்டுவிடும். அதைத் திறந்த உள்ளங்கையில் தளர்வாக வைத்து, கையை மணல் பையில் ஊன்றிச் சுட வேண்டும். குண்டு நிற்க முறையான இரும்புப் பெட்டி, எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவர், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பழைய பெல்லட்டின் படிவு பேரலில் இருக்கும். புது லாட்டின் முதல் 20 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகு அட்டைக்குப் பத்து வீதம் ஐந்து அட்டை, மொத்தம் 50 குண்டு. ஏன் 50? இருபதில் ஒன்று விலகும் லாட்டை வெறும் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தால், நூறு முறைக்கு 60 முறை அந்த விலகல் கண்ணில் படாமலே போகும். 50 சுட்டால் அந்த அறுபது எட்டாகக் குறையும். பத்துக் குண்டில் அழகாக விழுந்த ஒரே குரூப்பைப் பார்த்து மூட்டையாக வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

இலக்கு அட்டை கெட்டியானதாக இருக்கட்டும். குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து, 4.5 கழித்தால் மையத்திலிருந்து மையம் வரை உள்ள பரவல் கிடைக்கும். வெளி விளிம்பு அளவு 7 மி.மீ.க்குள் இருந்தால் போட்டிக்கே எடுத்துப் போகலாம். 8.5 வரை பயிற்சிக்கு நல்லது. ஐந்து அட்டையும் 8 என்று சீராக வருவது, நான்கு அட்டை 6.5 வந்து ஐந்தாவதில் ஒன்று 11-க்குப் போவதைவிட மேல்.

சிதறும் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டால் எடை வித்தியாசம், அல்லது ரைபிளின் காற்றழுத்தம் நிலையாக இல்லை. உங்களிடம் உள்ள மேட்ச் பெல்லட் பத்தைச் சுட்டால் குற்றம் எதில் என்று பிரிந்துவிடும். எல்லாப் பக்கமும் சீராக அகன்றால் தலை அளவு அந்தப் பேரலுக்குப் பொருந்தவில்லை. ஒன்பது ஒட்டி விழுந்து ஒன்று தனியாகப் போனால் பாவாடை. ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக இருந்தால் குண்டு பக்கவாட்டில் சரிந்து பறக்கிறது, அந்த லாட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தேர்வான பயிற்சி லாட்டும் போட்டி லாட்டும் ஒரே இடத்தில் விழாது. மாற்றும் போதெல்லாம் குறிபார்க்கும் சைட்டைத் திருத்தி, எத்தனை கிளிக் திருப்பினோம் என்று டின் மூடியிலேயே எழுதி வையுங்கள். 60 குண்டில் தசமப் புள்ளிக் கணக்கில் 600-ஐத் தொட்டுவிட்டவர், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே போட்டி லாட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

ஈரம்

டெல்டாவில் நல்ல லாட்டையும் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரக்காற்றில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். மரமும் அட்டைப் பெட்டியும் வெளிவிடும் அமில ஆவி அதை இன்னும் வேகமாக்கும். எனவே டின்னை மர பீரோவில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு, இரும்பு அலமாரியில் வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் உப்புக்காற்றும் சேர்வதால் மூன்று மாதத்துக்கு மேல் தேவையானதைச் சேர்த்து வைக்க வேண்டாம். கடையில் திறக்கும்போதே வெள்ளை பூத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடுவது வீண். பொடி பேரலில் அப்பும். அதைவிட முக்கியம், அந்தப் பொடி நஞ்சு. வாயால் ஊதாதீர்கள். பெல்லட்டை உதட்டில் கவ்வும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் முதல் நாளே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்பால் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

துரு பிடிக்கும் என்று பயந்து பெல்லட்டில் எண்ணெய் தடவுகிறார்கள். ஸ்பிரிங் ரைபிளில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் தீப்பிடித்து வேகத்தைத் தாறுமாறாக்கும், உள்ளே சீலையும் கருக்கும். ஈயத்துக்கு எண்ணெய் வேண்டாம்.

4.5 மி.மீ. அளவையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்வதால், போட்டியில் கழித்த பெல்லட்டை வயலில் கொக்கு மேலும் நாரை மேலும் தீர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வருகிற பறவைகள் மேய்வது நம் வயல்களில்தான். உரிமம் இல்லாத துப்பாக்கியாலும் அவை சாகும்.

கழித்த பெல்லட்டையும் இரும்புப் பெட்டியில் சேரும் நசுங்கிய ஈயத்தையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய பேட்டரி வாங்கும் முறையான கடையில் எடைக்குப் போடுங்கள். வலைக்கு ஈயக் குண்டு வார்க்கலாம் என்று வீட்டு அடுப்பில் உருக்க வேண்டாம். ஈயத் தூசும் கசடும் சமையல் பாத்திரத்திலும் தரையிலும் தங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது நேராக வாய்க்குப் போகும்.