காந்தவால் எல்லை மேலேயா கீழேயா: ஒற்றை விண்கலத் தரவில் பார்ப்பது எப்படி

பூமியின் காந்தவாலுக்குள் (சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கம் இழுத்து நீட்டிய வால்) போன விண்கலத்தின் வரைபடத்தில் அயனி (மின்னூட்டமுள்ள அணு) எண்ணிக்கை திடீரென்று ஏறினால் உடனே "எல்லையைக் கடந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். ஏறியது எப்போது என்பதைவிட, அயனிகள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தரவுக்கு ஜியோடெயில் விண்கலத்தை எடுங்கள். ஜப்பானும் நாசாவும் சேர்ந்து 1992 ஜூலையில் அனுப்பியது. நிலவு இருப்பது 60 பூமி ஆரத்தில். ஜியோடெயில் 1994-க்குள் 200-ஐயும் தாண்டிப் போய்வந்தது. அதன் தரவு நாசாவின் சிடிஏவெப் (CDAWeb) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

முதலில் காந்தப்புலத்தை வரையுங்கள். எக்ஸ் கூறு (பூமியிலிருந்து சூரியனை நோக்கிய திசையில் உள்ள பங்கு) 10 நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) அளவில் ஆடாமல் நேர்க்குறியில் நின்றால் வாலின் வடக்கு மடலுக்குள், அதாவது மேல்பாதிக்குள், இருக்கிறீர்கள், எதிர்க்குறி என்றால் தெற்கு. புலம் கண்டபடி திசை மாறி, அயனி அடர்த்தியும் கூடினால் வெளியே வந்தாயிற்று. அடர்த்தியை மட்டும் நம்ப வேண்டாம், அது பல நேரம் படியாக ஏறாமல் சரிவாகத்தான் ஏறும்.

சரி, இப்போது அயனிகள். 10 நானோடெஸ்லா புலத்தில் 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் சுமார் 3200 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும், அதாவது பூமி ஆரத்தில் பாதி. அந்த வட்டத்தின் மையம் விண்கலத்தில் இல்லை, பக்கத்தில் எங்கோ இருக்கிறது. வடக்கு மடலில் மாலைப் பக்கம் (பூமியில் சூரியன் மறையும் பக்கம்) நோக்கி ஓடும் அயனிக்கு மையம் கீழே, காலைப் பக்கம் (சூரியன் உதிக்கும் பக்கம்) ஓடுவதற்கு மேலே. ஆகவே மாலைப் பக்கம் ஓடுபவை அதிகமாக இருந்தால் அயனிக் கூட்டம் உங்களுக்குக் கீழே இருக்கிறது, அதன் விளிம்பான எல்லையும் அந்தப் பக்கம்தான். தெற்கு மடலில் இதைத் தலைகீழாக்குங்கள்.

எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு, நானும் இடறியிருக்கிறேன்: காலைப் பக்கம் பார்க்கும் உணரியில் விழுவது மாலைப் பக்கம் ஓடும் அயனி. தரவுக் கோப்பில் இருப்பது பார்க்கும் திசையா, ஓடும் திசையா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே என்பதும் கீழே என்பதும் மாறிப்போகும். அதேபோல சூரியன் பக்கத்தையும் வால் பக்கத்தையும் இதற்காக ஒப்பிட வேண்டாம், பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) மொத்தமாக வால்பக்கம் ஓடுவதால் அங்கே வேறுபாடு எப்படியும் தெரியும்.

அப்புறம் எல்லையின் வேகம். 200 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் புரோட்டானுக்கு ஆரம் இரண்டு மடங்கு, 6400 கிலோமீட்டர், அதனால் கூட்டத்தின் விளிம்பு நெருங்கும்போது உணரியில் இந்த ஆற்றலுக்கான அலைவரிசைதான் முதலில் ஒரு பக்கமாகச் சாயும். 50-க்கான அலைவரிசை 160 விநாடி கழித்துச் சாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம்: 3200-ஐ 160-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 கிலோமீட்டர். 200 பூமி ஆரத்தில் விண்கலம் விநாடிக்கு 1 கிலோமீட்டர்கூடப் போகாது, ஆக நகர்ந்தது வால்தான். சூரியக் காற்று 4 பாகை திசை திரும்பினாலே அவ்வளவு தூரத்தில் வால் சுமார் 14 பூமி ஆரம் ஒதுங்கிவிடும்.

இந்தக் கணக்கு புரோட்டானுக்கு. உணரியால் அயனி வகையைப் பிரிக்க முடியாதபோது கவனம்: ஒரே ஆற்றலில் ஒற்றை மின்னூட்ட ஆக்சிஜனின் ஆரம் புரோட்டானைப் போல 4 மடங்கு, அது கலந்திருந்தால் உங்கள் விநாடிக் கணக்கு எல்லாம் கோணலாகிவிடும்.